கோடு இல்லாத பாப்பா

பழங்காநத்தத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணனுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. யார் முகம் திரையில் வந்தாலும் அவரைக் கேட்காமலேயே கை வேலையை ஆரம்பித்துவிடும். கறுப்பு சிவப்பாகும், மரு மறையும், வழுக்கையில் பயிர் விளையும். பெற்றவர்கள் வைத்த பெயருக்குத் தினமும் துரோகம் செய்து பிழைப்பதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

மகள் அஸ்வினியின் காதணி விழா பேனரிலும் பழக்கதோசத்தில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தால் மனைவி முனீஸ்வரி நம்பியிருப்பாள். ஆனால் அவருக்குத் தெரியும். மகளின் மேலுதட்டுத் தழும்பில் மவுஸ் கொஞ்சம் தயங்கி நின்றது. வருகிற சொந்தமெல்லாம் அண்ணாந்து பார்த்து 'அது என்ன?' என்று கேட்குமே என்று நினைத்தார். அழித்தார்.

ஐந்து மாதக் குழந்தையாக அஸ்வினியைத் தத்தெடுத்து வந்தபோது உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குடித்த பால் மூக்கில் வரும். நிமிர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினால் ஒரு பாலாடைக்கு முக்கால் மணி நேரம். இரண்டு ஆபரேஷன் முடிந்தும், அப்பா என்றாலும் அம்மா என்றாலும் மூக்கு வழியே ஒரே மாதிரிதான் வந்தது. ஒரு குரலுக்கு இருவரும் ஓடிவந்து கதவில் முட்டிக்கொள்வார்கள். பேச்சுப் பயிற்சிக்கு அலைந்து அலைந்துதான் அப்பா, அப்பா ஆனார்.

இப்போது ஐந்து வயது. அவனியாபுரம் மண்டப வாசலில், பட்டுப்பாவாடையோடு நின்று பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"யாருப்பா அந்தப் பாப்பா?"

"நீதான்டா தங்கம்."

உதட்டைத் தடவிப் பார்த்தாள். "எனக்குக் கோடு இருக்கு. அதுக்கு இல்லையே."

கருத்தக்கண்ணன் அவளைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் அவளே ஒரு முடிவுக்கு வந்து முகம் மலர்ந்தாள்.

"அப்ப அதுக்குத்தான் காது குத்தப் போறாங்களா? நான் வீட்டுக்குப் போகட்டா?"

மைத்துனன் விக்ரம் சிரித்துவிட்டான். கருத்தக்கண்ணனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முனீஸ்வரி அப்போதுதான் பேனரைச் சரியாகப் பார்த்தாள்.

"ஏங்க, டாக்டரு அம்புட்டு நேரம் நின்னு தச்சாரு. நீங்க எம்புட்டு நேரத்துல அழிச்சீக?"

"ஒரு நிமிசம்" என்றார். பொய் சொல்லவும் தெம்பில்லை.

ஏணியை இழுத்துப் போட்டார்.

"மாமா, இறக்காதீங்க! தாய்மாமன் என் மூஞ்சியும் அதுலதான இருக்கு? இம்புட்டுச் செவப்பா நான் இனி எப்ப இருக்கப் போறேன்?"

"ஒனக்குத் தனியா அடிச்சுத் தாரேன் மாப்ள. ஏணியப் பிடி."

கயிற்றை அறுக்கும்போது கீழேயிருந்து ஒரு பெரியவர், "என்னப்பா, பேரு தப்பாப் போச்சா?" என்றார்.

"மூஞ்சி தப்பாப் போச்சுண்ணே. எம்மக மூஞ்சிய நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்."

கூட்டம் பேனரையும் அஸ்வினியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு காபி வந்தது.

தாய்மாமன் மடியில் அஸ்வினி போட்ட கூச்சல் பக்கத்து ஏர்போர்ட் வரைக்கும் கேட்டிருக்கும். ஆசாரி கையை எடுத்ததும் குதித்து ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"அந்தப் பாப்பாவ ஏன் அனுப்புன?"

"அப்படி ஒரு பாப்பாவே இல்லடா. அப்பா தப்பாப் பண்ணிட்டேன்."

"ஏன்?"

அவர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "ஒன் கோட்டப் பாத்து யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாகன்னு... அப்பாவுக்குப் பயம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "எனக்கு ஊசிதான் பயம்" என்றாள். காதை நீட்டினாள். "ஊது."

ஊதினார். போதும் என்று அவள் தலையை இழுத்துக்கொண்ட பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.