பாப்பாத்தியம்மா போட்டுக்கொண்ட ஊசி

ரக்‌ஷனாவுக்குக் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. தாதிமைப் படிப்பில் இன்று காணொளிச் சிகிச்சைத் தேர்வு. ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் படிப்பே போச்சு.

திரையில், ஈசூன் வட்டாரத்தில் உள்ள தன் வீட்டிலிருந்து பாப்பாத்தியம்மா. நிஜமான நோயாளி, சர்க்கரைக்காரர். அந்தப் பாழாய்ப்போன ஏஐ மென்பொருள் திரையோரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சுக்கும் மார்க் போட்டது.

“சாப்டீங்களாம்மா?”

“சாப்டேன்மா.”

பச்சை விளக்கு. இன்சுலின் போடலாம் என்றது ஏஐ. “ஊசி போட்டுக்கோங்கம்மா” என்று சொல்லி அழைப்பை முடித்தாள். தேறிவிட்டாள்! பின்னால் நின்ற விரிவுரையாளர் நஃபீசாகூடத் தலையாட்டினார்.

அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் கண்ணுக்குள் அது வந்து நின்றது: மஞ்சள் புடவை, கழுத்தில் உருத்திராட்ச மாலை. ஐயையோ! தைப்பூசம் இந்த வாரம்தானே! பால்குடத்துக்கு மாலை போட்ட மனுஷி, பொழுது சாய்ந்துதானே சாப்பிடுவார்? யார் கேட்டாலும் ‘சாப்டேன்’ என்று சொல்லிவிடுவதுதானே நம்மவர்கள் வழக்கம்! மெஷினுக்குத் தெரியாது, சரி. இவள் கண் எங்கே போயிற்று? பச்சை வருமா வருமா என்று அந்த விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தது.

திரும்ப அழைக்கப் போனாள். ‘முடித்த அழைப்பைத் திறந்தால் தேர்வு ரத்து’ என்றது திரை. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்திவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடும்மா, எடும்மா!

“என்னம்மா, ஊசி போட்டாச்சே. கோயிலுக்குக் கெளம்பணும்.”

“உண்மையச் சொல்லுங்கம்மா, காலையில என்ன சாப்டீங்க?”

“வெரதம்லா. ராத்திரிதான்.”

ரக்‌ஷனாவுக்குக் உறைத்தது: வெறும் வயிற்றில் இன்சுலின், சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்! “மைலோ கலக்கி, சீனிய அள்ளிப் போட்டுக் குடிங்க, அப்புறம் சோறு. இப்பவே, என் கண்ணு முன்னாடி!”

“வெரதம் கெட்டுருமேம்மா...”

“நீங்க மயங்கி விழுந்தா பால்குடத்த யாரு தூக்குவா? முருகன் கோவிச்சுக்க மாட்டார், குடிங்க!”

நஃபீசா அதற்குள் பாப்பாத்தியம்மாவின் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். “மக வர்ற வரைக்கும் லைன விட்டுடாத லா,” என்றார். திரையோரத்தில் ‘தேர்வு ரத்து’ சிவப்பாக எரிந்தது.

பாப்பாத்தியம்மா குடித்து முடித்தார். சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்து, திரையை உற்றுப் பார்த்தார்.

“மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? நீ சாப்டியாம்மா?”

“சாப்டேன்மா,” என்றாள் ரக்‌ஷனா.