உள்ளங்கையில் கேட்ட குரல்

சரக்கு வண்டியாகத்தான் இருக்க வேண்டும், பயணிகள் வண்டி என்றால் இந்நேரம் தாண்டியிருக்கும், முடிந்துவிட்டது என்று மூச்சை விட்டால் இன்னும் நாலு பெட்டி தலைக்கு மேல் தடதடவென்று போகும்... போகட்டும், மார்சியாவுக்கு என்ன அவசரம், அவசரமெல்லாம் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இந்தப் பெண்ணுக்குத்தான். ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் பாட்டுப் பதிகிற ஸ்டுடியோ கட்டிய பைத்தியக்காரன் ஒவைன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உருளை வறுவல் தின்றுகொண்டிருந்தான், பதினாலு வருஷத்தில் அவன் தலைமுடி மட்டும்தான் போயிருக்கிறது, வறுவல் அதே வினிகர் வறுவல், சுவரில் அதே ஈரம், மைக்கும் அதே மைக். இருவருக்கும் சேர்த்து ஒரே மைக். முதல் ஆல்பம் பதிந்த அன்றைக்கு அவனிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான், அதனால் பதினெட்டு வயது லின்சி ஹாலம் முன்னாலும், கோரஸ் பாட வந்த மார்சியா அவளுக்குப் பின்னாலும் நின்றார்கள். குளிருக்கு நடுங்குகிற குழந்தையைப் பிடிப்பது மாதிரி மார்சியா அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தாள், அப்போதுதான் அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று கைக்குத் தெரியும், பின்னால் பாடுகிறவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். இன்றைக்கும் அதே கை, அதே முதுகு. முதுகுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, கைக்கு... கையைப் பற்றி இப்போது எதற்கு.

"ஒவைன், அது ரயிலா, உன் வயிறா?" என்று லின்சி மைக்கில் கேட்டாள்.

"வயிறுதான். பொட்டலம் காலி."

சிரித்தாள், ஆனால் சிரிப்பு முதுகுக்கு இறங்கவில்லை, கைக்குத் தெரிந்தது. விலா எலும்பெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. காரில் வரும்போதே சொல்லிவிட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, இன்னிக்கு அந்த இடம் வரலைன்னா நான் இனிமே பாட மாட்டேன் ஆன்ட்டி, சும்மா சொல்லல. சும்மா சொல்லவில்லை என்று மார்சியாவுக்கும் தெரியும். டாக்டர் தொண்டையில் கத்தி வைத்த பிறகு மாதக்கணக்கில் சிலேட்டில் எழுதிக் காட்டித்தானே பேசிக்கொண்டிருந்தாள், சர்க்கரை வேணாம், கதவைச் சாத்துங்க, என்று. இப்போது பேச்சு வந்துவிட்டது, கீழ்ச் சுரமெல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு இடம் மட்டும் வீட்டில் முயன்றபோதெல்லாம் பாதியில் அறுந்துபோனது. அந்த இடம் என்றால், 'ஈரக் கோட்டு' பாட்டின் நடுவில், ஆணியில் தன் நனைந்த கோட்டை மாட்டிவிட்டுப் போனவனைப் பார்த்து, பியானோ நின்று, டிரம் நின்று, எல்லாம் நின்று, வெறும் குரல் மட்டும் மேலே மேலே ஏறி 'போகாதே' என்று நிற்குமே, அது. அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை, அந்தப் பாட்டு இல்லாமல் அந்த முதல் ஆல்பம் இல்லை. அந்த ஆல்பத்தைத்தான் இப்போது முதலிலிருந்து திரும்பப் பாடிப் பதிகிறார்கள், பழைய பதிவுகள் பழைய கம்பெனிக்குச் சொந்தம், அவன் இஷ்டத்துக்கு யாருக்கும் கொடுப்பான். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்பளக் கடை விளம்பரத்தில் வந்தது. தள்ளுபடி முடியப் போகிறது, போகாதே.

அது டிவியில் வந்தபோது மார்சியா சோபாவில் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்... ஏனென்றால் கம்பளம் விற்றது லின்சியின் குரல் இல்லை. யாரிடம் சொல்வது இதை? பதினாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சளி, மூக்கெல்லாம் சிவந்து, ஏறும்போதெல்லாம் குரல் கரகரத்து உடைந்தது, மறுபடி, மறுபடி, கடைசியில் மார்சியாதான் சொன்னாள், நீ பாட்டுக்கு ஏறு கண்ணு, நான் பின்னாலேயே இருக்கேன், விழுந்தா என் மேலதான் விழுவ. சேர்ந்து பாடினார்கள். மார்சியா கண்ணை மூடிக்கொண்டாள், தன் பேட்டையான ஹாண்ட்ஸ்வொர்த்தின் தேவாலயத்தில் சிறுவயதிலிருந்து பாடிப் பாடி ஏறிய படிதானே அது, ஏறினாள். கண்ணைத் திறந்தால் ஒவைன் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். திரும்பப் போட்டுக் கேட்டபோது மார்சியாவுக்குச் சந்தேகமே இல்லை. மேலே இருப்பது தடித்த, கொஞ்சம் உரசுகிற ஒரு குரல், வயதான குரல், பதினெட்டு வயதுக்கு அது எங்கிருந்து வரும்? அது நான். டாக்சியில் கேட்டால் நான், கல்யாண மண்டபத்தில் கேட்டால் நான், சூப்பர் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் பொறுக்கும்போது மேலே குழாயிலிருந்து வழிவது நான். ஆராதனை முடிந்து கோப்பை கழுவும்போது சபைக்காரி சிஸ்டர் டெல்ராய்ஸ், அந்த வெள்ளைக்காரக் குட்டிக்கு என்னா தொண்டைடி மார்சியா, நம்ம கறுப்பு ஆளு எவளோ உள்ள உட்கார்ந்து பாடுற மாதிரி, என்றாள். இவள் சிரித்துக்கொண்டே கோப்பையைத் துடைத்தாள். ஒரு கோப்பையை எவ்வளவு நேரம்தான் துடைப்பது.

நேற்று லின்சியின் மேனேஜர் அம்மாள் ஃபோன் செய்தாளே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கு வரலைன்னா நீங்க அடியில பிடிச்சுக்கோங்க மார்சியா, யாருக்கும் தெரிய வேணாம், என்று. எனக்குப் போய் இதைச் சொல்லித் தருகிறாள்.

தடதடப்பு ஓய்ந்தது. ஒவைன் கட்டைவிரலைத் தூக்கினான். அடுத்த வண்டி வருவதற்குள் ஒரு பாட்டுக்கு நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

"தோளை இறக்கு கண்ணு. காதுக்குத் தொங்கட்டான் மாதிரி மாட்டி வெச்சிருக்க."

"இறங்க மாட்டேங்குது ஆன்ட்டி... வரலைன்னா?"

"வரலைன்னா டீ குடிப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் கோப்பை கழுவணும். அதுவும் நானா?"

இந்த முறை சிரிப்பு முதுகுக்கு இறங்கியது. ஹெட்போனில் பியானோ ஆரம்பித்தது.

முதல் அடியைக் கேட்டதுமே மார்சியாவுக்குத் தெரிந்துவிட்டது, இது அந்தப் பதினெட்டு வயதுப் பெண் இல்லை. அந்தப் பெண் இதே அடியைப் பாடியபோது கோட்டை மாட்டிவிட்டுப் போனவன் மேல் கோபம் இருந்தது, சின்னப் பெண்ணின் கோபம். இவள் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துப் பாடுகிறாள், இன்னும் ஈரமா என்று. எங்கே கற்றாள் இதை? இரண்டாவது ஆல்பத்தில் இல்லை, அது லாஸ் ஏஞ்சல்ஸில், அறை நிறைய வயலின்களை நிறுத்தி வைத்துப் பதிந்தது, மெழுகு பூசிய ஆப்பிள் மாதிரி இருந்தது, பளபளப்பு, கடித்தால் ஒன்றுமில்லை. மூன்றாவதில் இல்லவே இல்லை, அதில் கம்ப்யூட்டரை வைத்து அவள் மூச்சை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள், மூச்சே விடாமல் ஒரு மனுஷி பாட்டு பாட்டாகப் பாடுகிறாள், கேட்டபோது மார்சியாவுக்குத்தான் மூச்சு முட்டியது. கடைகளில் அது விற்காமல் அப்படியே கிடந்தது. இனிமே என் குரல்ல மெஷின் கை வைக்கக் கூடாது, வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் என்று லின்சி சொன்னது அதற்குப் பிறகுதான். ஆக, சிலேட்டில் எழுதிய மாதங்களில்தான் கற்றிருக்க வேண்டும், பேசாமல் இருந்தபோது... இரண்டாவது அடியில் கையின் கீழே விலா மெல்லத் திறந்தது, மூடியது, இவள் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் மாறிவிட்டதே, சொல்லின் நடுவில் எடுக்கிறாள், எடுத்தது வெளியே தெரிகிறது, தெரிந்தால் என்ன என்று விட்டுவிடுகிறாள், அந்த இடைவெளியில் ஆள் நடந்துபோகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. மார்சியா தன் பங்குக்குக் கோரஸைப் பாடினாள், வாய் தன்னால் பாடியது, முப்பது வருஷத்து வேலை, எந்த நாளும் ஓர் இடம் தவறவிட்டதில்லை. இதோ வருகிறது. டிரம் நின்றது. பியானோ நின்றது. நான் பின்னாலேயே இருக்கேன் கண்ணு, ஏறு...

மூச்சு எடுத்தாள். கை அப்படியே பின்னால் தள்ளப்பட்டது, அவ்வளவு பெரிய மூச்சு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ முழு உடம்பையும் கொடுத்துத் திறக்கிற மாதிரி. பிறகு வந்தது. காதுக்கு வருவதற்கு முன் உள்ளங்கைக்கு வந்தது, எலும்பு வழியாக, ரயில் வரும்போது தண்டவாளத்தில் முன்னாலேயே வருமே அந்த அதிர்வு மாதிரி, பின்பு காதில், கரகரப்போடு, அறுக்கிற இடத்தில் அறுத்துக்கொண்டு, அறுந்துவிடாமல், மேலே, இன்னும் மேலே, கடவுளே, இதற்கு மேல் இடம் ஏது, இருந்தது, அங்கேயும் போய் நின்றது. மார்சியா தேவாலயத்தில் பெரிய பெரிய குரல்களைக் கேட்டிருக்கிறாள், ஆட்கள் சரிந்து விழப் பார்த்திருக்கிறாள், ஆனால் இது யாரையும் விழவைக்கிற குரல் இல்லை, விழுந்து கிடந்த ஒருத்தி தானே கை ஊன்றி எழுந்திருக்கிற குரல். நெஞ்சு நிறைந்து எதுவுமே தோன்றவில்லை. பியானோ திரும்ப வந்தது. பாட்டு இறங்கி முடிந்தது. அப்போதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். வாய் மூடியிருந்தது. பாடவில்லை. அந்த இடத்தில் தான் பாடவே இல்லை.

லின்சி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே திரும்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், முகமெல்லாம் ஈரம். மார்சியா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், என்ன சொல்வது, மன்னிச்சுக்கோ கண்ணு, நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னுட்டேன் என்றா?

கட்டுப்பாட்டு அறையில் ஒவைன் அந்த இடத்தைத் திரும்பப் போட்டான். வெறும் அறை, வெறும் குரல், 'போகாதே'. லின்சி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"கேளுங்க ஆன்ட்டி. அடியில உரசிக்கிட்டு வருது பாருங்க, அது நீங்க. நீங்க பிடிச்சுக்கிட்டதாலதான் நான் ஏறினேன். அன்னிக்கு மாதிரியே. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கவே முடியல இல்ல?"

ஒவைன் திரும்பவில்லை. காலிப் பொட்டலத்தை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். கண்ணாடி வழியாக அவன் பார்த்திருப்பான், யார் வாய் திறந்திருந்தது, யார் வாய் மூடியிருந்தது என்று.

"ஆல்பம் அட்டையில பாடினவங்க பேரு எப்படிப் போடட்டும், மார்சியா?" என்றான் மெதுவாக. "நீ சொல்றபடி போட்டுடறேன்."

சொல்ல வேண்டும். அது நீ மட்டும்தான் கண்ணு, தனியா ஏறின, உனக்கு யாரும் வேண்டாம்... சொன்னால் அந்தப் பெண் இனி எந்த மேடையிலும் பின்னால் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க மாட்டாள், அதைச் சொல்லத்தானே வாயைத் திறந்தாள். தலைக்கு மேல் அடுத்த வண்டி வந்துவிட்டது. யாரும் யாரிடமும் பேச முடியாது, மூவரும் காத்திருந்தார்கள். உரசிக்கிட்டு வருதே, அது நீங்க... தன் குரலையே கேட்டுவிட்டு அதை இன்னொருத்தியின் குரல் என்று ஒருத்தி சொல்ல முடியுமென்றால், சளி பிடித்த பதினெட்டு வயதுத் தொண்டையும் அப்படித்தானே உரசியிருக்கும்? மார்சியா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், இன்னும் சூடாக இருந்தது. அன்றைக்கும் இந்தக் கை அவள் முதுகில்தான் இருந்தது, கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது... திறந்துதானே இருந்தது?