கொக்கி இல்லாத கூரை

சசிதர் சார் அந்தக் கொக்கிகளை வரைபடத்திலிருந்து முதல்முறை அழித்தபோது பிரத்யுஷா அவ்வளவாக மல்லுக்கட்டவில்லை. ஆபீசில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரோ கோயமுத்தூரில் பேர் வாங்கிய ஆர்க்கிடெக்ட். சிங்காநல்லூரில் திருமலைசாமி கட்டும் துணிக்கடைக்கு வளைந்த கண்ணாடிக் கூரை போட்டிருந்தார். கண்ணாடி பதிக்கிறவர்களும் பிற்பாடு துடைக்கிறவர்களும் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொள்ள ஓரம் நெடுகக் கொக்கிகள் வேண்டுமென்று அவள் வரைபடத்தில் சேர்த்திருந்தாள்.

"ரோட்டுல இருந்து பாத்தா பரு மாதிரி துருத்திட்டு நிக்கும்," என்றார்.

"அப்ப அவங்க எதுலங்க சார் மாட்டுவாங்க?"

"அது காண்ட்ராக்டர் பாடும்மா. நம்ம வேல டிசைனு."

திருத்திய வரைபடம் ஒவ்வொன்றிலும் அவள் மறுபடி போட்டாள். அவர் சிரித்தபடியே எடுத்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கத்தினாலாவது பதிலுக்கு எதையாவது சொல்லலாம்.

ஆடிக் காற்று வீசிய ஒரு காலையில், கண்ணாடி இடுக்குகளில் பசை அடைத்துக்கொண்டிருந்த சின்னப்பராஜ் சறுக்கி, ஒரு தளம் கீழே இருந்த மொட்டைமாடியில் விழுந்தார். பெல்ட் போட்டுத்தான் இருந்தார். மாட்ட வேறு இடமில்லாமல் ஏசி குழாயில் மாட்டியிருந்தார். குழாய் பிய்த்துக்கொண்டு அவரோடு வந்துவிட்டது. உயிர் தப்பியது, இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கிருபாவதி, பிரத்யுஷாவைக் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டாள். "அவரு பெல்ட் இல்லாம மேல ஏறவே மாட்டாருங்க. அவரு மேல தப்பு சொல்லிப்போடாதீங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிரத்யுஷாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் திருமலைசாமி முன்னால் சசிதர் சின்னப்பராஜ் மேல்தான் தப்பு சொன்னார். "கண்ட எடத்துல மாட்டினா இப்படித்தானுங்க ஆகும். ஆளுங்களுக்கு ட்ரெயினிங் பத்தலீங்க."

"மாட்டறதுக்கு எடமே கெடையாதுங்க," என்றாள் பிரத்யுஷா. "நாமதான் வெக்கல."

திருமலைசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க சசிதர், அம்மணி சொல்றது நெசமுங்களா?"

"வெச்சா பார்வையா இருக்காதுங்களேன்னு..."

"மொதல்ல வெச்சுப்போடுங்க."

வைத்தார்கள். முடிந்த கூரையைத் துளைத்து வைத்ததில் அடுத்த மழைக்கே ஒழுகியது. "பாத்தியா, இதுக்குத்தான் வேண்டாம்னேன்," என்றார் சசிதர்.

"மொதல்லயே வெச்சிருந்தா ஒழுகியிருக்காதுங்க சார்."

அதற்குள் அவர் போனில் வேறு யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் கெட்டவர் அல்ல. சின்னப்பராஜைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியாகத் தூக்கமே வருவதில்லை என்றுகூடச் சொன்னார். ஆனால் அந்த மனிதர் விழுந்ததற்கும் தன் பென்சிலுக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. இவரிடம் இனி எந்த மொழியில் பேசுவது என்று பிரத்யுஷாவுக்குச் சலித்துப் போயிற்று.

அடுத்து தொண்டாமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை. அவள் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு அவர் மேசையில் வைத்தாள்.

"எடுத்துரும்மா."

"நான் எடுக்க மாட்டேனுங்க சார். எடுக்கறதுன்னா நீங்களே எடுத்துக்குங்க."

அன்றைக்குத்தான் அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அது அவள் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. பின்பக்கச் சரிவில் கொக்கிகள் அப்படியே இருந்தன. ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பாதி வெச்சிருக்கேனில்ல," என்றார் அவர், தலை நிமிராமல்.

"முன்பக்கம் ஏறுற ஆளு எதுலங்க சார் மாட்டுவாரு?"

அவர் வேறொரு வரைபடத்தை விரித்துக்கொண்டார். அவள் தன் இடத்துக்குத் திரும்பி, முன்பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மறுபடி போடத் தொடங்கினாள்.