பின்னறையில் யாரும் பேசுவதில்லை

கட்டி முடியப்போகிற புது வீட்டைப் பார்க்க வந்தவர்கள் முன்கூடத்தில் நன்றாகத்தான் பேசினார்கள். "டைல்ஸ் எங்கீங்க எடுத்தீங்க?", "ஜன்னல் பெருசா வச்சிருக்கீங்க, காத்து நல்லா வரும்" என்று வாய் ஓயாது. அடுக்களை மேடையைத் தடவிப் பார்த்து, வீட்டுக்காரி கண்ணாயி இனிமேல் நின்றுகொண்டே சமைக்கிற மகாராணி என்று கேலி செய்வார்கள். பின்னறை வாசலைத் தாண்டியதும் அத்தனை பேச்சும் அடங்கிப்போகும். வடக்கு மூலையை ஒரு தரம் பார்ப்பார்கள். "சரீங்க, வாரோம்" என்று அடுத்த நிமிடமே செருப்பைத் தேடுவார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, குழந்தையின் முகத்தைத் தோளோடு அமுக்கி மறைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை. மலைமேல் குண்டூர் நாட்டு ஊர்களில் பாதிப் பேர் வந்து போயாகிவிட்டது, அத்தனை பேருக்கும் அதே மூலையில்தான் வாய் அடைத்தது. வீட்டுக்காரர் அர்த்தனாரி வந்தவர்களை வழியனுப்பிவிட்டு, திரும்பி வந்து அந்த மூலையைத் தானும் ஒரு தரம் பார்ப்பார்.

மிளகும் மரவள்ளியும் பயிர் வைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கட்டிய வீடு அது. அதே மலையில் வாழவந்தி நாட்டில் கட்டிக்கொடுத்த மகள் அருணா தலைப் பிரசவத்துக்கு வரப்போகிறாள். பிள்ளையும் தாயும் படுக்கத்தான் அந்தப் பின்னறை. கண்ணாயி பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கட்டினது.

அந்த அறையில் சத்தம் ஒன்று உண்டு. பகலிலேயே கேட்கும். மலையில் மூடுபனி இறங்கி வெளியே எல்லாம் அமுங்கிப்போகிற நேரத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கும். தாகத்தோடு வந்த யாரோ சுவருக்குப் பின்னால் நின்று மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் நிற்கும், மறுபடி குடிக்கும். கண்ணாயி பின்னறை நிலையில் வைத்த குங்குமம் மறுநாள் காலையில் கோடு கோடாக வழிந்து கீழே வந்திருந்தது. வீட்டு நாய் முன்கூடத்தில் புரண்டு படுக்கும், பின்னறைக்குப் பிஸ்கட் போட்டுக் கூப்பிட்டாலும் வராது.

"ஏனுங்க, அது என்னமோ இருக்குதுங்க அங்க" என்றாள் கண்ணாயி.

"வாயை மூடு. கட்டற ஊட்டப் பத்தி அப்பிடிப் பேசாத" என்றார் அர்த்தனாரி.

அது அந்த ஊரின் பயம். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொன்னால் பலித்துவிடுமாம், பழி சொன்னவன் தலையில் விடியுமாம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளூர இருக்கிற பயம்தான், அங்கே கொஞ்சம் தூக்கல்.

இது போதாதென்று அர்த்தனாரி இன்னொரு காரியம் செய்து வைத்திருந்தார். முதலில் வந்த மேஸ்திரி முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையிறங்கினவன், திரும்ப ஏறவே இல்லை. சூடுபட்ட மனுஷர் என்ன செய்தார்? அடுத்து வந்த மேஸ்திரி தனபாலோடு, நாமக்கல்லில் பத்திரம் எழுதுகிறவரிடம் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார். நாள் தள்ளினால் தண்டம். செலவு கூடினால் மேஸ்திரி பாடு. எந்தக் காரணமும் சொல்லக் கூடாது. அந்தக் கடைசி வரி அவரே சொல்லிப் போட்டது. அதை டீக்கடையில் இரண்டு தரம் உரக்கப் படித்துக் காட்டி, "இனி ஒருத்தன் நம்ம தலையில மொளகா அரைக்க முடியாது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துபோனவர், அவ்வளவுதான்.

தனபால் அடிவாரத்து ஆள். வேலை சுத்தம், பேச்சும் கலகலப்பு. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் வெட்டிய வாரத்திலிருந்து அந்தக் கலகலப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. அர்த்தனாரி வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் பின்னறை மூலையில் அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளை நகர்த்தியபோது அர்த்தனாரியின் கண்ணில் அது பட்டது. குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம், எரிந்து கருகிய கற்பூரம், மஞ்சள் துணியில் முடிந்த திருநீறு. பழத்தின் ஈரம் இன்னும் காயவில்லை.

"என்ன தனபாலு இது?"

"எட்டுக்கை அம்மன் கோயில்ல குடுத்ததுங்கண்ணா. நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குன்னா வாசல்ல வைப்பாங்க. மூலைல ஒளிச்சு வைப்பாங்களா?"

தனபால் பூச்சுக் கரண்டியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான். அர்த்தனாரி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுவருக்குப் பின்னால் யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அருணா வந்துவிட்டாள். அவளைப் பார்க்க கிராம நர்ஸ் பிரிசில்லா வந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண், மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அருணாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பிள்ளையோடு எங்கே படுப்பாள் என்று கேட்டாள். கண்ணாயி புது வீட்டுப் பின்னறையைக் காட்டினாள். எல்லோரையும் போல அவளும் வடக்கு மூலையைப் பார்த்தாள். எல்லோரையும் போல வாயை மூடிக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, சுவத்துக்குப் பின்னாடி தண்ணி ஓடுது" என்றாள்.

கண்ணாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"எனக்குக் கட்டட வேலையெல்லாம் தெரியாது. கைய வச்சா நனையுது, காதுல சத்தம் கேக்குது. இது உங்க யாருக்கும் தெரியலையா? மேஸ்திரி எதுவும் சொல்லலையா?"

"அவன் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. காரணம் சொல்லப்படாதுன்னு பத்திரத்துலயே இருக்குது" என்றார் அர்த்தனாரி, கொஞ்சம் பெருமையாகவே.

பிரிசில்லா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "காரணம் சொல்லக் கூடாதுன்னு எழுதிட்டா, காரணம் இல்லாமப் போயிடுமாண்ணே?"

அவளுடைய அண்ணன் திருச்சியில் ஒரு பெரிய கட்டட வேலையில் மேற்பார்வை பார்க்கிறானாம். அங்கே ஒப்பந்தமே புது மாதிரியாம். ஏதாவது கெடப்போகிறது என்று தோன்றினால் முதலில் பார்த்தவன் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். கட்டுகிறவனும் சொல்ல வேண்டும், கட்டச் சொன்னவரும் சொல்ல வேண்டும். சொன்னவனைக் குற்றம் சொல்லாமல், என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவார்களாம். தெரிந்தும் மறைத்தால்தான் நஷ்டம் மறைத்தவன் தலையில். மண்ணுக்குள்ளிருந்து எதிர்பாராத தொல்லை வந்தால் செலவில் இரண்டு பேருக்கும் பங்கு. கடக்காலோ கம்பியோ, மூடுவதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூட வேண்டும்.

"அதுல கட்டச் சொன்னவருக்குத்தாண்ணே லாபம். தப்பு சின்னதா இருக்கையிலயே அவருக்குத் தெரிஞ்சிருது" என்றாள்.

"அதெல்லாம் பெரிய எடத்துச் சங்கதிம்மா. அப்பிடி எடங்குடுத்தா நம்மள வித்துத் தின்னுருவானுங்க" என்று அர்த்தனாரி பேச்சை முடித்துவிட்டார். சுவர் நனைவதையும் மழை ஈரம் என்று தள்ளிவிட்டார், மனுஷருக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மூடுபனி வந்து முற்றத்தைக் கட்டிக்கொண்டது. எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கண்ணாயி டீ போட்டுக் கொண்டுவந்தாள். தனபாலும், மண் சுமக்கிற வேலம்மாளும், மரவள்ளிக் கிழங்கு கொடுக்க வந்த பங்காளி சின்னுசாமியும் டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டு நிலமே சின்னுசாமியிடமிருந்து இடம் மாற்றி வாங்கினதுதான்.

"அப்பா, முன்னால பெயின்ட் வாசம் கொமட்டுது. உள்ள குளுகுளுன்னு இருக்குது, செத்த நேரம் படுத்துக்கறேன்" என்று சொல்லி, பாயை இடுக்கிக்கொண்டு அருணா பின்னறைக்குப் போனாள்.

முற்றத்தில் பேச்சு நின்றது.

முதலில் அர்த்தனாரி கவனிக்கவில்லை. பிறகுதான் பார்த்தார், யாரும் டீயைக் குடிக்கவில்லை. மூன்று பேரும் டம்ளரைப் பிடித்தபடி, அருணா போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் முற்றம்வரை வந்தது. இன்றைக்கு அது நிறுத்தி நிறுத்திக் குடிக்கவில்லை, மூச்சுவிடாமல் குடித்தது. வேலம்மாளின் உதடு மட்டும் அசைந்தது. அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன தனபாலு?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"சின்னுசாமி?"

சின்னுசாமி தரையைப் பார்த்தார்.

அர்த்தனாரி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொன்னவனின் டம்ளரில் டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. இவர்களுக்கு என்னமோ தெரியும். எல்லோருக்கும் தெரியும். என் மகள் உள்ளே போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு சொல் வரவில்லை.

"சொல்லு தனபாலு. தண்டம் கிண்டம் ஒண்ணுமில்ல. சொல்லு."

தனபால் வாயைத் திறந்தான். கண்ணாயியைப் பார்த்தான். மூடிக்கொண்டான். கட்டுகிற வீட்டைப் பற்றி வீட்டுக்காரி முன்னால், பிள்ளைத்தாச்சி உள்ளே இருக்கும்போது, எந்த வாய் துணியும்? அந்தக் கெட்ட சொல்லை யாராவது ஒருவர் முதலில் சொல்லி, பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பது அர்த்தனாரிக்கு அப்போதுதான் புரிந்தது.

"இந்த ஊடு உழுந்துரும்" என்றார் அவர்.

கண்ணாயி கையிலிருந்த தட்டு விழுந்தது.

"பொண்ண வெளிய கூப்புடுங்கண்ணா மொதல்ல" என்று தனபால் ஓடினான். வேலம்மாள் அவனுக்கு முன்னால் ஓடினாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த அருணாவை இரண்டு பக்கமும் தாங்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை அடைபட்டிருந்த வாய்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு திறந்தன.

"கடக்கால் வெட்டறப்பவே அந்த மூலைல தண்ணி பொங்குச்சுங்க. நாள் தள்ளுனா தண்டம், செலவு என் தலைல. கல்லைப் போட்டு அமுக்கிக் கான்கிரீட்ட ஊத்திட்டேன். அன்னைலேருந்து எனக்குத் தூக்கமில்லீங்க" என்று தனபால் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அது ஊத்துக்கண்ணுப்பா. எங்கப்பன் காலத்துல எருமைக அங்கதான் தண்ணி குடிக்கும். வத்திப் போச்சுன்னு நெனச்சேன். சத்தம் கேட்டப்பறந்தான் தெரிஞ்சுது" என்றார் சின்னுசாமி.

"மழைக்கப்பறம் செவுரு ஒரு வெரல் நகந்துருச்சுங்க. நான் அன்னாடும் தொட்டுப் பாப்பேன்" என்றாள் வேலம்மாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே குடிக்கிற சத்தம் நின்றது. அந்த அமைதி சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. பிறகு பனிக்குள் ஒரு பெருமூச்சு மாதிரி வந்தது. வடக்கு மூலை மெதுவாக, அவசரமே இல்லாமல் உட்கார்ந்தது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் எட்டிப் பார்த்து, அருணா விரித்திருந்த பாயின் நுனியை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. பாயின் மிச்சப் பாகம் செங்கல்லுக்கு அடியில் போயிருந்தது.

அருணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியுமா? நான் பாயை எடுத்துட்டு உள்ள போனப்பவும் தெரியுமா?"

வேலம்மாள் முற்றத்துக் கல்லைத் துடைத்து அவளை உட்காரவைத்தாள்.

"அவங்களைக் கேக்காத கண்ணு. அவங்க வாயைத் தெச்சு வச்சது உங்கப்பன்" என்றார் அர்த்தனாரி. அதைச் சொல்லும்போது மீசை நனைந்தது. மகளின் கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவே இல்லை.

அருணாவுக்குச் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அர்த்தனாரி தனபாலைத் துரத்தவில்லை, அவனோடு புது ஒப்பந்தம் போட்டார். மறைத்த குற்றத்துக்கு, விழுந்ததை அப்புறப்படுத்துவது தனபால் பொறுப்பு. ஊற்றை வழிமாற்றி விடுகிற செலவில் இருவருக்கும் பங்கு. வாராவாரம் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து, அவரவர் மனசில் உறுத்துவதைச் சொல்லியாக வேண்டும், வேலம்மாள் உட்பட. ஊற்றுக்குப் பத்தடி தள்ளிப் பின்னறை மறுபடி எழும்பியது. கடக்கால் வெட்டிய அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் பத்தடிக்கு ஒரு நாள் வேலைகூட ஆகியிருக்காது.

டீக்கடையில் ஒருவர் விடவில்லை. "ஏனுங்க, இவ்வளவு எடங்குடுத்தா மேஸ்திரி ஏமாத்த மாட்டானாக்கும்?"

அர்த்தனாரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏமாத்துனா காசு போகும், கேட்டு வாங்கிக்கலாம். அன்னைக்கு எம் பொண்ணு போயிருப்பா. கெட்ட சேதி சொல்றவனுக்குத் தண்டம் போட்டா கெட்டது நின்னுராதுங்க, நம்ம காதுக்கு வர்றதுதான் நிக்கும். ஊடு கட்டறவங்க மொதல்ல அவன் பயப்படாம வாயைத் தொறக்கறதுக்கு ஒரு வரி எழுதுங்க. அப்பறம் செங்கல்லு வாங்குங்க."