பழைய வளையம்

விவாகரத்தாகி ஒன்பது மாதங்களில் அவர் நான்கு முறை வந்தார். குழாய், மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள், கார் பேட்டரி. நான்குக்கும் நான்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் செய்து கொடுத்திருப்பார்கள்.

ஐந்தாவது, காரின் ஏ.சி. லாரியிலிருந்து தெறித்த கல், முன் பம்பருக்குப் பின்னால் கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரில் ஓட்டை போட்டு, கேஸ் முழுவதும் போய்விட்டிருந்தது. புதியதை வாங்கி வந்து வாசலிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்.

"இதோட சரிங்க," என்றார், பம்பரின் திருகுகளைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். நான் இங்க வந்து போறது அவங்களுக்குக் கஷ்டமா இருக்கு. நியாயம்தானே?"

"நியாயம்தான்."

பதினோரு வருடம் வாடி போடி என்று கூப்பிட்டவர் 'ங்க' போட்டுப் பேசும்போதெல்லாம், விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போட வேண்டும் போலிருக்கும் எனக்கு.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன தம்பி, இங்க குடியிருந்தப்ப ஒரு ஆணி அடிச்சதில்லன்னு இவ புலம்புவா. இப்ப காரையே பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"அப்பல்லாம் வேலை சொன்னா திட்டும் சேர்ந்து வரும்க்கா. இப்ப டீ வருது."

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பழைய கண்டென்சரின் தகடுகளுக்கிடையே பூச்சிகளின் இறக்கைகள் ஒட்டியிருந்தன. அதை வெளியே எடுத்துவிட்டு, புதியதை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு சொன்னார்: "டப்பாவுல ரெண்டு புது ரப்பர் வளையம் இருக்கு. எண்ணெய் தொட்டு, குழாய்க்கு ஒண்ணா மாட்டுங்க. பழசைத் தூக்கிப் போட்டுடுங்க. நசுங்கினது, கேஸ் கசியும்."

முதல் குழாயில் புதியதை மாட்டினேன். இரண்டாவதில் பழையதை மாட்டினேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. எண்ணெய் பட்டதும் அது புதிதைப் போலவே பளபளத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரண்டு மாதத்தில் குளிர் குறையும். தான் செய்த வேலை கெட்டுப்போனதென்றால் அவரால் வராமல் இருக்க முடியாது. அந்த ரோஷம் எனக்குத் தெரியும். புது மனைவி என்ன சொன்னாலும் வருவார்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. குழாய்களை முடுக்கியதும் அவர் ஒரு பம்பைப் பொருத்தி உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினார். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, மீட்டரைக் காட்டினார்.

"அரை மணி நேரம் இந்த முள் நகரக் கூடாது. நகர்ந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்."

படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பத்தே நிமிடத்தில் முள் நகர்ந்தது.

அவர் எழுந்து இரண்டு இணைப்புகளையும் கழற்றினார். இரண்டாவதில் இருந்த வளையத்தை விரல்நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் மூடியிருந்த கையை விரித்தேன். புது வளையம் உள்ளங்கையில் வட்டமாக அச்சுப் பதித்திருந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ற?"

மெதுவாகத்தான் கேட்டார். மாட்டிக்கொண்டதற்காக நான் அழவில்லை. கோபமே இல்லாமல் கேட்டாரே, அதற்காகத்தான் அழுதேன். கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த முறை வளையத்தை அவரே மாட்டினார். மறுபடி பம்ப், மறுபடி அரை மணி நேரம். நகர்ந்துவிடு, நகர்ந்துவிடு என்று முள்ளிடம் மனசுக்குள் கெஞ்சினேன். அது அசையவே இல்லை.

கேஸை நிரப்பி, பம்பரை மாட்டி, ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கண்டென்சர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் ஒரு போன் நம்பர் எழுதினார்.

"மெக்கானிக். தங்கமான மனுஷர். இனிமே எதுன்னாலும் இவரைக் கூப்பிடுங்க."

அவர் போன பிறகு காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யைக் கடைசி வரை திருப்பினேன். விரல்கள் மரத்துப்போகும் வரை இறங்கவில்லை. அக்கா வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"சரியாயிடுச்சா?"

"நல்லா சரி பண்ணிட்டார்க்கா," என்றேன். "இனிமே ரிப்பேரே ஆகாது."