செம்பன் வாயில் பூண்டு வாசம்

1931ஆம் வருடம், மழை தொடங்குவதற்கு முந்தின ஒரு காலையில் எங்கள் பூனை செம்பன் அடுப்படியில் சுருண்டு விழுந்தான். விடியும்போது என் காலைச் சுற்றி வந்து கருவாட்டுத் தலை கேட்டவன், ஏழு மணிக்குள் நிற்க முடியாமல் கிடந்தான். வாயில் நுரை. வயிறு உள்ளே இழுத்து இழுத்துக் கஞ்சி மாதிரி வாந்தி. பின்னங்கால்கள் தரையில் இழுபட்டன.

என் வீட்டுக்காரர் செபஸ்தியன் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மலாயாவில், பாலோவுக்கு மூன்று கல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து நிற்பார். அதே கையை லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஆட்கள் மேல் ஓங்குவார்.

"செம்பனுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. வந்து பாருங்களேன்" என்றேன்.

வந்தார். வாந்தியைத் தாண்டி நின்று, சப்பாத்தில் பட்டுவிட்டதா என்று முதலில் பார்த்துக்கொண்டார்.

"தோட்டக்காரன்கிட்ட சொல்லி, சாக்குல கட்டி ஆத்துல விடச் சொல்லு. மலாய்க்காரங்க கம்பத்துக்குப் போனா நூறு பூனை கிடைக்கும்."

"உயிர் இருக்குதுங்க."

"இருந்தா என்ன? பூனைக்குப் பக்கத்துல உக்காந்து ஒப்பாரி வைக்கப்போறியா? மத்தியானம் நான் வர்றப்போ இந்த நாத்தம் இருக்கக் கூடாது."

தொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது என் குறைதான் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லி வைத்திருந்தார். செம்பனை, தங்காக்கில் என் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டு மலாய்க்காரி கொடுத்தாள். வால் நுனி முறுக்கிக்கொண்ட, உள்ளங்கை அளவுக் குட்டி. மூன்று வருடமாக அந்த வீட்டில் என்னைக் கண்டதும் எழுந்து வந்தவன் அவன் ஒருவன்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சதாசிவத்துக்கு ஆள் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. மூக்கில் கைக்குட்டை.

"நான் மனுஷனுக்கு டிரெசர், அம்மா."

அதுவே சந்தேகம்தான். லயத்தில் காய்ச்சலோ பேதியோ பிரசவமோ, எதுவானாலும் அவர் ஊற்றிக் கொடுப்பது ஒரே கசப்புத் தண்ணீர். பிழைத்தால் அவர் கைராசி. செத்தால், ஆள் தாமதமாக வந்தான்.

"வேணும்னா விளக்கெண்ணெய் குடுத்துப் பாருங்க. இல்லேன்னா கிராணி சொன்னபடி சாக்குல கட்டிடுங்க" என்றார். வரும் வழியில் ஆபீசில் நுழைந்து, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!

அவர் போனதும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த லயத்துக் காளியம்மா வாளியை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

காளியம்மாவின் மூன்று ஆடுகள் போன மாதம் ஒரே நாளில் செத்திருந்தன. விசாரிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றாள். "ஆட்டுக்குச் சீக்கு வந்தா அதுக்கும் கிராணியா பொறுப்பு? போ, போ" என்று விரட்டினார். நான் ஜன்னலோரம் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை மறுபடியும் தைக்க ஆரம்பித்தேன். அவரைப் பற்றிச் சொல்லும்போது என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

காளியம்மா குனிந்து செம்பனின் வாயை முகர்ந்தாள்.

"பூண்டு வாசம் அடிக்குதே கிராணியம்மா. பூண்டு போட்டு ஏதாவது வச்சீங்களா?"

"இல்லையே. ராத்திரி வெறும் மீன்தான் வச்சேன்."

"என் ஆட்டு வாயிலயும் இதே வாசம்தான்." அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. "இது எங்கெல்லாம் போகும்?"

வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் படுத்துக்கொள்வான் என்றேன். இருவரும் போய்ப் பார்த்தோம். விறகுக்குப் பின்னால், மண்டையோடு வரைந்த ஆறு தகரங்கள். லாலான் புல்லை அழிக்க அடிக்கும் விஷ மருந்து. ஒரு தகரம் அடியில் துருப்பிடித்து ஒழுகி, தரையெல்லாம் வெள்ளையாகப் படர்ந்து, வெளியே காட்டுக் கான் வாய்க்காலில் இறங்கியிருந்தது. அந்தக் கானோரப் புல்லைத்தான் காளியம்மாவின் ஆடுகள் மேயும்.

அந்த மருந்து ஸ்டோரில் பூட்டியிருக்க வேண்டும். ஸ்டோர் அரைக்கல் தூரம். விடியற்காலையில் அவ்வளவு தூரம் நடந்துபோய் ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கப் பெரிய கிராணிக்குச் சோம்பல். செருப்போடு நின்ற இடத்திலேயே கொடுத்துவிட வசதியாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதுவும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

காளியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உடம்பை நக்க விடாதீங்க. முதல்ல கழுவணும்" என்றாள்.

சவுக்காரம் போட்டு இரண்டு முறை கழுவினோம். அவ்வளவு பலவீனத்திலும் அவன் அவள் கையில் மூன்று கோடு கீறினான். "இன்னும் தெம்பு இருக்கு. ஆடு வாந்தி எடுக்காது, உள்ளேயே தங்கிடுச்சு. இது வெளியே தள்ளுது" என்றாள். கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, மாவாக அரைத்து, முட்டை வெள்ளையில் கலக்கினாள். அவள் ஊரில் அரளி விதை தின்ற ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் கொடுத்தார்களாம்.

"பொழச்சாளா?"

"பொழச்சா. நாலு பிள்ளை பெத்தா."

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். பாதி வெளியே வந்தது. மறுபடியும் பிழிந்தாள். பதினோரு மணிக்கு வாந்தி நின்றது.

மத்தியானம் அவர் வந்தார். காளியம்மா என் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் கோணியது.

"இவளுக்கு இங்க என்ன வேலை?"

"கொட்டகையில நீங்க வச்சிருக்கிற தகரம் ஒழுகுது. செம்பன் அதை மிதிச்சிருக்கான். இவ ஆடும் அதுலதான் செத்திருக்கு" என்றேன்.

"மெதுவா பேசு! துரை காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்று ஜன்னலைச் சாத்தினார். பிறகு காளியம்மாவைப் பார்த்து, "ஆட்டைப் பத்தி வெளியே வாயைத் திறந்தே, நாளைக்கே கப்பல் ஏத்திடுவேன்" என்றார்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. காளியம்மா எழுந்து வாளியை எடுத்தாள். வாசலில் திரும்பி, என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்தக் கான் உங்க கிணத்தடியாலதானே போகுது கிராணியம்மா? தண்ணியைப் பாத்துக் குடிங்க."

அவர் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. பாதி காலியாகியிருந்தது.

பூனைக்குச் சாக்கு போதும் என்ற மனிதர் அடுத்த ஐந்து நிமிடத்தில் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தொண்டைக்குள் விரலை விட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "எரியுதே, எரியுதே" என்றார். செம்பனுக்கு வைத்திருந்த கரிக் கலவையைச் சட்டியோடு தூக்கிக் குடித்தார். வீட்டில் மிச்சமிருந்த ஒன்பது முட்டையையும் வெள்ளையும் மஞ்சளுமாக விழுங்கினார். பற்கள் கறுத்து, மீசையில் கரி வழிய, "மாதாவே, என்னைக் காப்பாத்து" என்று கும்பிட்டார்.

நானும் மூன்று வேளையும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

டிரெசர் சதாசிவம் இந்த முறை ஓடியே வந்தார். கைக்குட்டை இல்லை. வாந்தியில் மண்டியிட்டு நாடி பிடித்தார். "சீரியஸ் கேஸ்தான்" என்று அவரும் பயந்து, இவரையும் பயமுறுத்தினார். மாலை ரயிலில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரர் கொடுத்த ஒரே உத்தரவு, தகரங்களை ஸ்டோருக்குத் தூக்கிப் போகச் சொன்னதுதான். மூன்று ஆடும் ஒரு பூனையும் செய்ய முடியாததை ஒரு வயிறு செய்தது.

மறுநாள் துரை வீட்டுக்கே வந்துவிட்டார். கிராணிக்கு என்ன வியாதி என்று கேட்டார். கான்வென்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷில் தகரம், கொட்டகை, ஆடு, மிரட்டல் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகைக்கு அழைத்துப்போய்த் தரையைக் காட்டினேன். துரைக்கு முகம் சிவந்தது. ஆட்டுக்காக இல்லை; மேலிடத்துக்குத் தெரிந்தால் அவருக்கும் கேள்வி வரும். காளியம்மாவுக்கு இரண்டு பெட்டை ஆடு கொடுக்கச் சொன்னார். மூன்று செத்ததற்கு இரண்டு. துரைமார் நியாயம் அவ்வளவுதான்.

கிணற்றுத் தண்ணீரில் விஷம் இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் திரும்பினார். பச்சை முட்டை செய்த அஜீரணம் தவிர உடம்பில் ஒன்றுமில்லையாம். துரை அவரை ரெங்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்துக்கு இரண்டாம் கிராணியாக மாற்றினார். நானும் போனேன். கோயிலில் கட்டிய தாலி. வேறு எங்கே போக?

செம்பன் பிழைத்தான். ஒரு மாதம் பின்னங்கால் தள்ளாடியது, பிறகு சரியாகிவிட்டது. ரெங்கத்துக்குக் கிளம்பும் முன் காளியம்மாவிடம் சொல்லிக்கொள்ள லயத்துக்குப் போனேன். அதுதான் நான் அங்கே போன முதல் தடவை. "போய் வாங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது.

ரெங்கத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் என் வீட்டுக்காரர் அந்தக் கதையைச் சொல்வார். ஒழுகின தகரத்தைக் கண்டுபிடித்தது அவர்தானாம். கான் தண்ணீரைத் தடுத்து முழுத் தோட்டத்தையும் காப்பாற்றியது அவர்தானாம். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். நான் காப்பியை வைத்துவிட்டு, செம்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.