வட்டம் விழுந்த பப்பாளி

1

இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தருகே, ஒரு பப்பாளியின் தோலில் இருந்த வட்டத் தழும்புகளைக் காட்டித் தள்ளுவண்டிக்காரரிடம் விலையைப் பாதியாக்கினேன். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அது ஒரு சுகம். வீட்டில் அறுத்துத் தின்றால் வெறும் தண்ணீர். நோய் விழுந்த மரத்துப் பழமாம். வண்டிக்காரர் என்னைவிடக் கெட்டிக்காரர். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: வடக்குப்பட்டின் வானத்தில் தொழிற்சாலைப் புகை மெல்ல

(வேண்டாம். இந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.)

இரண்டாவது: சந்தனமாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, செல்போன் கம்பெனியில் லைன் வேலை. வடக்குப்பட்டில் கிளியம்மாள் கட்டிவிட்ட வாடகை அறை ஒன்றில் தோழி சந்திரலேகாவோடு தங்கியிருந்தாள். முதல் சம்பளத்தில் இருவரும் பப்பாளி வாங்கித் தின்று, குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் விதைகளைத் துப்பினார்கள். யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. முளைத்தது அங்கேதான். ஷிப்ட் முடிந்து வந்து, அந்த மரத்துப் பழத்தை ஒரே கரண்டியில் மாற்றி மாற்றித் தின்ற நாட்களில்

(நீட்டினால் அழுகை வந்துவிடும். எனக்கு.)

சந்திரலேகா கல்யாணமாகி ஊருக்குப் போனாள். மரம் நோயில் விழுந்தது.

3

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் சாறு குடித்த வாயோடு அடுத்த மரத்துக்குப் போகும். வைரஸும் கூடவே ஓசிப் பயணம் போகும். இலை மஞ்சளித்துக் கயிறாய் ஒடுங்கும். இலைதான் சர்க்கரை சமைக்கும் அடுப்பு. அடுப்பு ஒடுங்கினால் பழத்தில் இனிப்பு ஏது? மரம் உடனே சாகாது, நின்றுகொண்டே வேறொன்றாகிவிடும். மருந்தில்லை. வெட்டத்தான் வேண்டும்.

கிளியம்மாள் முதலில் கண் பட்டுவிட்டது என்று பழைய செருப்பைக் கட்டிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மரங்கள், காய்த்து நிற்பவை.

"இன்னாம்மா மாரி, உன் மரத்தால என் மரமெல்லாம் பூடும் போல கீதே. எப்ப வெட்டப்போற?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடுங்கக்கா. சந்திரா வாரா. இந்தப் பழத்தத் திங்கணும்னுதான் வாரா."

"அதுவரிக்கும் பூச்சி லீவு போட்டுகினு குந்தினு இருக்குமா?"

ஆனாலும் விட்டாள்.*

* ஏன் விட்டாள் என்று எனக்கும் தெரியாது. நானாக இருந்தால் வாடகையை ஏற்றியிருப்பேன்.

4

ஞாயிறு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் சந்திரலேகா. அவள் தின்றுவிட்டு "அதே ருசி" என்று சொல்வதாக எழுதிவைத்திருந்தேன். கிளியம்மாள் அவள் வயிற்றைப் பார்த்துக் கெடுத்துவிட்டாள்.

"மாசமா கீற பொண்ணுக்கா பப்பாளி குடுக்கற? அறிவு கீதா ஒனக்கு?"

சந்திரலேகா சிரித்தாள். "நான் தொடல. ஏட்டி, நீ தின்னு, நான் பாக்கேன். அந்த இனிப்பு இன்னும் நாக்குலயே கெடக்கு. இப்பமும் அப்படித்தானா?"

சந்தனமாரி ஒரு துண்டை வாயில் போட்டாள். தண்ணீர். மரத்தடியில் கிளியம்மாள் அரிவாளோடு நின்றாள்.

5

"அப்படியேதான்ட்டி" என்றால், "அப்பம் வெட்டிராத, பிள்ளையப் பெத்துட்டு வந்து திங்கேன்" என்பாள் தோழி. சுவருக்கு அந்தப் பக்கத்து மரங்களும் போகும். உண்மையைச் சொன்னால் மரம் சாயும். தோழியின் நாக்கில் கிடக்கும் இனிப்பும் கூடவே.

இன்னொன்று. வாயில் ஒரு விதை சிக்கியிருக்கிறது. இந்த நோய் விதை வழியே போவதில்லை; முளைத்தால் நல்ல மரம்.

அவள் இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள். என்ன சொல்லலாம் என்று யோசிக்க, விழுங்கும்வரை உங்களுக்கு நேரம்.